நெற்றிக்காசின் பின்பக்கம்

முக்காடு போட்ட ராஜா ஒருவன் அப்பாவின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்பது அந்த வீட்டில் குழந்தைவேலு ஒருத்தனுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் நெற்றிக்காசு. செத்தவர் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி அதில் ஒரு காசைப் பதிப்பது எந்த வீட்டிலும் நடப்பதுதான், அதில் உற்றுப் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் அவன் குளிர்பெட்டியின் தலைமாட்டில் வாடகை நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மூடிமேல் குனிந்து குனிந்து பார்த்தான். மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கியது. தோள்துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தான். "ரத்த பாசம் எங்க போகும்" என்று ஒரு பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். பாசமாம் பாசம்! பாவி மனுசன் அப்பன் முகத்தையா பார்த்தான்? வந்ததிலிருந்து காசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய காசு. பக்கவாட்டில் ஒரு தலை, தலையைச் சுற்றித் துணி மூடிய மாதிரி ஒரு மடிப்பு, கண்ணும் மூக்கும் இருந்த இடத்தில் ஒரு மழுங்கல். அப்பாவின் காசு என்றால் கருப்பச்சையாக இருந்திருக்க வேண்டும். இதுவோ பூசைக்குத் துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது. அந்த மினுக்கம்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. யார் இதைத் தேய்த்தது, எதைப் போட்டுத் தேய்த்தது, ஒரு பக்கம் மட்டுமா இரண்டு பக்கமுமா என்று அவன் மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் படுத்திருக்கிற நாச்சிமுத்து கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் ஆயுசு பூராவும் தகரம் வளைத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், சல்லடையும் கையுமாக அமராவதி மணலில் இறங்கிவிடுவார். வெள்ளம் வடிந்த மறுநாள் கேட்கவே வேண்டாம், சோறு தண்ணி கிடையாது. அத்தனையும் எதற்கு? ரோமாபுரிக் காசுக்கு. தங்கமா வெள்ளியா, ஒரு மண்ணும் இல்லை, வெண்கலம்; அந்தக் காலத்தில் சரக்குப் பிடிக்க வந்தவர்கள் மடியிலிருந்து உதிர்ந்த சில்லறை. மணலுக்குள் கிடந்து கிடந்து பச்சை பிடித்துப் பொருக்காக இருக்கும். அதை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, கருவேல முள்ளின் நுனியால் ஒரு பொடி, இன்னொரு பொடி என்று மாசக்கணக்கில் கிளறிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். "இந்தப் பச்சைதான் கண்ணு அதுக்குத் தோலு. படம் அந்தத் தோலுலதான் இருக்குது. உரிச்சுப்போட்டா உள்ள வெறும் சொத்தை" என்று சொல்லுவார். யாரிடம் சொல்லுவார்? கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார், யாரும் காது கொடுக்கவில்லை, அவ்வளவுதான். குழந்தைவேலுவும் கேட்டுக்கொண்டே வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பான். ஆனால் பாருங்கள், மனசு என்ன கழுதையோ, கேட்காதது மாதிரி இருந்துவிட்டு எல்லாவற்றையும் எங்கேயோ மூட்டை கட்டி வைத்திருக்கிறது. இப்போது அவிழ்த்துக் கொட்டுகிறது. அப்பா போனில் பேசினது உட்பட எல்லாம். "கண்ணு, ஒண்ணு ஆப்டுருக்குது. முன்னால முக்காடு போட்ட ராசா. அவன் செத்த பொறவு அவன் பையனுக அடிச்ச காசு, அதான் முக்காடு. பின்பக்கம் இப்பத்தான் தெளியுது." அப்படியா என்றான். "இந்தத் தலைக்குப் பின்னால நாலஞ்சு தினுசா படம் வரும். இது எதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்கிட்டச் சொல்ல மாட்டேன். நீ வந்து பாத்துச் சொல்லு." படம் பிடித்து அனுப்புங்கப்பா என்றதற்கு, "போன்ல தெரியாது சாமி. கையில வச்சு வெயில்ல சாச்சுப் பாக்கோணும்." வர்றனுங்கப்பா என்றான். அடுத்த தடவை கூப்பிட்டபோதும் வர்றனுங்கப்பா. அதற்கடுத்த தடவை போன் அடித்தபோது ஷிப்டில் இருந்தான், எடுக்கவில்லை, பிறகு கூப்பிடலாம் என்று இருந்துவிட்டான். ஓசூரிலிருந்து கரூர் என்ன சீமையா? காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடலாம். காசு ஒரு சாக்கு, கிழவனுக்குத் தனியாக இருக்க முடியவில்லை என்று அவனுக்கு அப்போதே தெரியும், நன்றாகவே தெரியும். தெரிந்துதான் வரவில்லை.

தங்கச்சி தெய்வானை டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றாள். கரூரிலேயே நாலு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்த இடம். அப்பாவுக்குச் சோறு அவள் வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அண்ணா, ஒரு வாய் காப்பித்தண்ணியாவது குடி. வெறும் வயித்தோட சுடுகாடு வரைக்கும் நடக்கோணும்." அவன் டம்ளரை வாங்கவில்லை. "இந்தக் காசு எங்க இருந்துச்சு?" என்றான். "சன்னல்ல, எண்ணெய்க் கிண்ணத்துக்குள்ள. ஒரு ரூவாக் காசை எடுத்துட்டு வந்தாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன். காசு காசுன்னு செத்தாரே, அவரு காசே அவரு நெத்தியில இருக்கட்டும்னு எடுத்தேன். ஒரே கறுப்புண்ணா, பிசுபிசுன்னு. அதை எப்படி அப்படியே வக்கிறது? புளி போட்டு, சாம்பலு வச்சு, நல்லாத் தேச்சுப்போட்டேன். பாரு, தங்கமாட்டம் இருக்குது." சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அவளை என்ன சொல்ல முடியும்? அந்த வீட்டில் பித்தளையும் செம்பும் அப்படித்தான் துலங்கும், அம்மா செத்தபின் எட்டு வயசுக் குழந்தையாக அவள்தான் முக்காலி போட்டு ஏறி அந்தப் பாத்திரங்களைத் துலக்கினாள், அப்பனுக்குக் கடைசியாகச் செய்கிற காரியம் என்று இதையும் துலக்கியிருக்கிறாள். புளி! அப்பா கேட்டிருந்தால் பெட்டிக்குள்ளிருந்தே எழுந்து உட்கார்ந்திருப்பார். "ரெண்டு பக்கமுமா தேய்ச்சே?" என்று கேட்க வாயெடுத்தான், அதற்குள் வாசலில் ஒப்பாரி கேட்டது, அத்தை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள், தெய்வானை டம்ளரை அவன் காலடியில் வைத்துவிட்டு ஓடினாள். மறுபடி போய்க் கேட்கலாம்தான். கேட்டு, அவள் ஆமாண்ணா என்று சொல்லிவிட்டால்?

ஒரு பக்கம் மட்டும் தேய்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். வெளியே தெரிகிற பக்கம்தானே மினுங்க வேண்டும், நெற்றிக்குள் போகிற பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள். இல்லை, தெய்வானை அப்படிப்பட்டவள் இல்லை, சட்டியின் அடிப்புறத்தையும் விடாமல் தேய்க்கிறவள். இருந்தாலும் செத்த வீட்டு அவசரம், ஐயோ ஐயோ என்று அழுதுகொண்டு எவ்வளவு தேய்த்திருப்பாள். இப்படி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்து, போய் வந்து, மனசு அலுத்துவிட்டு அந்தப் பின்பக்கத்தில் என்ன படம் இருக்கும் என்று தேட ஆரம்பித்தது. அப்பா காட்டியவை ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரு கொடிக்கம்பு, இருவரும் எதிரெதிரே நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் நிற்பார்கள். "நீயும் நானும் மாதிரி" என்று ஒருநாள் தெய்வானை கல்யாணத்துக்குப் பிறகு அப்பா சொன்னது விளையாட்டுக்கா வினையாகவா என்று இன்றுவரை அவனுக்கு விளங்கவில்லை. அந்த வீட்டில் நடுக்கம்பாக இருந்தவள் போய்விட்டாள், இரண்டு ஆம்பிளைகள் சோறு போட்டுத் தின்று தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தார்கள். இன்னொன்று, ஓநாய் ஒன்று நிற்கும், அதன் வயிற்றுக்குக் கீழே இரண்டு குழந்தைகள் அண்ணாந்து பால் குடிக்கும். "இது நம்மூட்டுக் காசு, நான்தான் அந்த ஓநாய்" என்று சிரிப்பார். தெய்வானைக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறார் அந்தக் கையால், தகரம் கிழித்த கையால், சீப்பு சிக்கினால் அவள் கத்துவாள். அதே கைதான். அந்த மூன்றாவது காசு நினைப்புக்கு வரவேண்டாம் என்று பார்த்தான், வந்துவிட்டது. ஒரு ராஜா நடந்து போகிறான், ஒரு கையில் கொடி, இன்னொரு கையால் ஒருத்தனை முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறான், அவன் மண்டி போட்டுக் கிடக்கிறான், பொடி அளவுதான் இருப்பான். "எப்படிச் செதுக்கியிருக்கான் பாத்தியா, கையைப் பாரு கையை" என்று அப்பா காட்டினபோது அவனுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசு. அவன் கையைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனை, கொட்டகையிலிருந்து பட்டறை வரைக்கும், கடைவீதி வழியே, அத்தனை பேர் பார்க்க, முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாரே அந்த மனுசன், அது அவருக்கு ஞாபகமே இல்லையா? முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. கையைப் பாரு கையை என்கிறார். அன்றைக்குத்தான் அவன் ஓசூருக்குப் போகிறதென்று முடிவு செய்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள், ஒரு செல்லாக்காசைப் பார்த்துவிட்டு ஊரைவிட்டுப் போனானாம் என்று. இன்று காலையில் நாவிதர் தலையை மழித்துவிட்டுப் போனார். இனிமேல் பிடித்து இழுக்க முடி இல்லை, இழுக்க ஆளும் இல்லை. மண்டையில் வெயில் படுகிற இடம் எரிந்தது.

பந்தலுக்கடியில் மாப்பிள்ளை அர்த்தனாரி, தெய்வானையின் புருசன், வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைவேலு கேட்கக் கூடாது என்றுதான் பார்த்தான், காது கேட்டது. "துணி தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல கெடந்தாருங்க. பால்காரம்மா கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு எங்களுக்குச் சொல்லுச்சு. எப்ப உழுந்தாரோ தெரியலீங்க. குப்புற. வலது கை மட்டும் முன்னால நீட்டிட்டு இருந்துச்சு. அது மடங்கவே மாட்டேன்னு, வெந்நி ஊத்தி ஊத்தித்தான் மடக்கினோம்." கண்ணாடிக்குள் அந்தக் கைகள் நெஞ்சின்மேல் இருந்தன, கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எதை எட்ட நீட்டினார்? கல்லைப் பிடித்து எழப் பார்த்தாரா, போன் அடுத்த அறையில் அல்லவா சார்ஜில் கிடந்தது, அதற்காகவா, அவன் எடுக்காமல் விட்ட அந்த அழைப்பு அவர் விழுவதற்கு முன்னாலா பின்னாலா? இல்லை இல்லை, அது அதற்கு முந்தின நாள். முந்தின நாள்தானா? போனை எடுத்துப் பார்த்துவிடலாம். வேட்டி மடிப்பில்தான் இருக்கிறது. எடுக்கக் கை போனது. செத்த வீட்டில் போன் நோண்டுகிறான் என்று எதிரே உட்கார்ந்திருந்த பங்காளிக் கிழவர் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டது. நல்லவேளை என்று இருந்தது. அப்பாவிடம் இன்னொரு காசு இருந்தது, அதில் ஒரு குதிரைக்காரன் சரிந்து விழுவான், நின்றுகொண்டிருக்கிற சிப்பாய் ஈட்டியால் அவனைக் குத்துவான், விழுகிறவன் ஒரு கையைப் பின்னால் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்பான், அந்தக் கை எள்ளளவு இருக்கும். அதை எதற்கு இப்போது நினைப்பது? சனியன். மனசே, போய்த் தொலை. பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது, அப்பா மீசையில் பனி கட்டியிருந்தது, காசு மட்டும் மினுங்கியது. அதன் பின்பக்கத்தை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும், அவர் காட்ட நினைத்தது என்ன என்று தெரிந்துவிட்டால் போதும், வரவில்லை என்கிற கணக்கு தீர்ந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. வந்து பாத்துச் சொல்லு என்றாரே. வந்துவிட்டேன். பார்த்துவிட்டால் சொல்லிவிடுவேன். காதுக்குள் சொன்னாலும் போதும்.

பெட்டியைத் திறந்து எண்ணெயும் அரப்புத்தூளும் வைக்கிற சடங்கின்போது ஒரு வழி கிடைத்தது. முறைக்காரர்கள் வரிசையாக வந்து விரல் நுனியால் எண்ணெயும் அரப்பும் தொட்டு அப்பாவின் தலையில் வைத்தார்கள். அவன் முறை வந்தது. குளிர்ந்து விறைத்த உச்சியில் எண்ணெயைத் தடவினான். அவன் கட்டைவிரல் நெற்றிக்கு இறங்கியது, காசின் விளிம்பைத் தொட்டது, சும்மா ஒரு நெம்பு நெம்பினால் போதும், கீழே விழுந்த மாதிரி எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி ஒட்டிவிடலாம். "பாத்து பாத்து, காசு உழுந்துரப் போகுது!" என்று பெரியம்மா கத்தினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். பிணத்தின் நெற்றிக்காசைப் பிடுங்கப் பார்த்தவன்! பெரியம்மாவுக்கு அது தெரியாது, ஊருக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். தெய்வானை எதிரே நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து அழுதாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

அப்புறம் பாடை, பறை, பொரி, கொள்ளிச்சட்டி. முன்னால் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் நடந்தான், தார் காலைச் சுட்டது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள், தெய்வானையின் குரல் மட்டும் கொஞ்சதூரம் கூட வந்தது. பஸ் பாடிப் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். இந்த வழியாகத்தானே இழுத்துக்கொண்டு போனார் என்று நினைத்தான். முன்னால் நான் போகிறேன், பின்னால் அவர் வருகிறார், நாலுபேர் தோளில், நெற்றியில் காசோடு. ரோமாபுரியில் காசை வாய்க்குள் வைப்பார்களாம், படகுக்காரனுக்குக் கூலி என்று, அதையும் அவர்தான் சொன்னார். இங்கே நெற்றிக்காசு வெட்டியானுக்கு, அது அவர் உரிமை, அதில் யாரும் கைவைக்க முடியாது. வெட்டியான் எடுத்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டால் எல்லாம் முடிந்தது. கேட்கலாமா? கேட்டால் என்ன நினைப்பார்கள்? கேட்காவிட்டால்? சட்டியில் புகை வந்து கண்ணைக் கரித்தது, வழியெல்லாம் அவன் அழுதுகொண்டு வருகிறான் என்று சனங்கள் நினைத்தார்கள்.

அமராவதிக் கரையில்தான் சுடுகாடு. அப்பா சல்லடையோடு இறங்குகிற இடம் அங்கிருந்தே தெரியும், தண்ணீர் ஒரு ஓரமாக நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வெட்டியான் கருப்பணன் வரட்டியை அடுக்கித் தயாராக வைத்திருந்தார், நரைத்த மனுசன், பேச்சுச் சுருக்கம். உடலை இறக்கி வைத்தார்கள். ஒவ்வொருத்தராக வாய்க்கரிசி போட்டார்கள். அவனும் போட்டான், போடும்போதும் கண் நெற்றியில்தான். பிறகு கருப்பணன் குனிந்து காய்ந்த சந்தனத்தை நகத்தால் கெல்லிக் காசை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், முகம் சுளித்தார். "இதென்னங்க காசு? செல்லாது போலிருக்குதுங்களே." குழந்தைவேலுவுக்கு வாய் தானாகத் திறந்தது. "இப்படிக் குடுங்க. உங்களுக்கு வேற காசு தர்றேன், இதை எங்கிட்டக் குடுங்க." கேட்டுவிட்டான்! அர்த்தனாரி மச்சானை ஒருமாதிரி பார்த்துவிட்டுச் சட்டைப் பையைத் துழாவி நோட்டு ஒன்றை எடுத்துக் கருப்பணனிடம் கொடுத்தார். இவ்வளவு சுளுவா? காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்தது இதற்குத்தானா? காசு அவன் வலது கைக்கு வந்தது. சில்லென்று இருந்தது, பின்பக்கம் சந்தனம் அப்பியிருந்தது. கட்டைவிரலால் சந்தனத்தை வழித்தான். உதிர்ந்தது. கீழே மினுக்கம். தேய்த்திருக்கிறாள். தெய்வானை இரண்டு பக்கமும் தேய்த்திருக்கிறாள். பள்ளம் பள்ளமாகச் சொத்தை விழுந்த வெறும் வெண்கலம், படம் ஏதும் இல்லை, அப்பா மாசக்கணக்கில் முள்ளால் தெளிய வைத்தது ஒரு உருண்டைப் புளிக்குப் போய்விட்டது. சாச்சுப் பாக்கோணும் என்றாரே. வெயிலுக்கு நேராகச் சாய்த்தான். இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தான், விளிம்பில் ஒரு நிழல் விழுந்தது. மேல் விளிம்பில், சந்தனம் ஒரு கோடாகத் தங்கின இடத்தில், பொடியாக ஒரு கை. விரல்கள்கூடத் தெரிந்தன. மேலிருந்து கீழே நீண்டிருக்கிறது. யாரை நோக்கி? கீழே இருந்தவன் தேய்ந்துபோய்விட்டான். முடியைப் பிடித்து இழுக்க வருகிற கையா, விழுந்தவனைத் தூக்க வருகிற கையா? அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, சொல்லாமல் வைத்திருந்தார். அவன் காசை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். எங்கேயோ தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது, முகம் பாக்கறவங்க பாத்துக்கங்க, என்று, மறுபடியும் ஒருதரம், மறுபடியும். கால்கள் அவனைச் சுற்றி நகர்ந்தன, யாரோ தேம்பினார்கள். "மச்சான், மூடலாமுங்களா?" என்றது அர்த்தனாரியின் குரல். "ம்" என்றான். அந்தக் கையின் மணிக்கட்டுக்குக் கீழே, ரொம்பக் கீழே, ஒரு புள்ளி, அது ஆளா சொத்தையா என்று தெரிந்துவிட்டால் போதும் என்று இருந்தது. தெரியவில்லை. இனி தெரியாது என்று மனசு ஒப்புக்கொண்டபோது நிமிர்ந்தான், அப்பாவிடம் ஒரு கை தெரியுதுங்கப்பா என்று சொல்ல.

முகம் இருந்த இடத்தில் வரட்டி இருந்தது. அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, கருப்பணன் ஈரமண்ணை வாரி வாரிப் பூசிக்கொண்டிருந்தார். நெற்றி இல்லை, மீசை இல்லை.

"மூடிட்டீங்களா?" என்றான் குழந்தைவேலு.

"மூணு வாட்டி கூப்ட்டனுங்களே" என்றார் அவர், நிமிராமல். "நீங்க ம் போட்ட பொறவுதான் மூடினேன்."

காலையிலிருந்து கண்ணாடிமேல் குனிந்து கிடந்தவனுக்கு அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் வரவில்லை. வாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா, தாடி மழித்திருந்ததா, ஒன்றும் வரவில்லை. ஒரு வட்டம்தான் மினுங்கியது. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது, மாட்டைப் போலக் கத்தினான், அர்த்தனாரி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "அழட்டும் உடுங்க, இப்பவாவது வந்துச்சே" என்றார் பங்காளிக் கிழவர். கருப்பணன் மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எரிகிற கட்டையை எடுத்து வந்தார்.

"பொழுது போகுதுங்க. திரும்பி நின்னுட்டுக் கொள்ளி வைக்கோணும், பாக்கக் கூடாது. கையை நீட்டுங்க."

முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவன் இடது கையை நீட்டினான்.

"வலது கை" என்றார் கருப்பணன்.

வலது கையை விரித்தால் காசு கீழே விழுந்துவிடும். அவன் விரித்தான்.